வெள்ளிக்கிழமை 2.20 வரை மட்டும்

ஸ்கார்விக் நகராட்சியின் ‘கடலோரம்’ முதியோர் இல்லத்து டிவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வானிலை அறிக்கையின் நடுவில் ‘டப்’ என்று சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. மறுநாள் மழை உண்டா என்று சொல்வதற்குள் போய்விட்டதே என்றுதான் எல்லோருக்கும் வருத்தம். மழை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நார்வேக்காரனுக்கு அதை யாராவது படம் போட்டுச் சொன்னால்தான் தூக்கம் வரும். கூடத்தில் இருந்த பதினொரு பேரும் கறுத்துப்போன திரையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் ஒருவர் ஹால்வரைக் கூப்பிட்டார்.

ஹால்வர் அந்த இல்லத்தின் பராமரிப்பாளர். குழாய், கதவு, விளக்கு, சக்கர நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருட வேலையில் அவர் நகராட்சியிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

“வேற வாங்கிடலாம், இதுல என்ன இருக்கு?” என்றார் அன்று. அந்த வாக்கியத்தை அவர் பிற்பாடு பலமுறை நினைத்து நொந்துகொண்டார்.

மறுநாளே யூர்டிஸுக்குக் கடிதம் வந்தது. யூர்டிஸ் ஜன்னலோர நாற்காலிக்காரி, எண்பத்தாறு வயது. கண் முக்கால்வாசி போய்விட்டது. காது அதைவிட மோசம், பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவளுடைய தங்கை பொர்ஹில்ட் கிரோ தீவில் இருந்தாள். அங்கே போக இரண்டு படகு, ஒரு பேருந்து மாற வேண்டும். இருவருமே இனி அந்தப் பயணத்துக்கு ஆகமாட்டார்கள். தொலைபேசியும் சரிப்படவில்லை. இவள் “எப்படிடி இருக்கே?” என்று கத்துவாள். அந்தப் பக்கத்திலிருந்து “ஆமா, வத்தல் மீன்தான்” என்று பதில் வரும்.

முப்பத்தோரு வருடமாக இருவருக்கும் ஒரு சண்டை. அவர்கள் அம்மா செத்த அன்று வீட்டிலிருந்த பழைய வாஃபிள் கல் காணாமல் போனது. இதய வடிவத்தில் வாஃபிள் அப்பம் வரும் வார்ப்பிரும்புக் கல். நீதான் எடுத்தாய் என்று இவள் சொன்னாள். நீதான் என்று அவள் சொன்னாள். ஹால்வர் யூர்டிஸின் காதருகே குனிந்து கடிதத்தை உரக்கப் படித்தார்.

“ஜூன் மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை ரெண்டு இருபதுக்குக் கப்பல் எங்க துறையைத் தாண்டும். நான் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். கல் எங்கேன்னு அதுல எழுதியிருக்கும். கண்ணைத் தொடச்சிக்கிட்டுப் பாரு.”

கப்பல் விஷயம் நாட்டுக்கே தெரியும். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக ஐந்து நாள் போகும் கப்பல்; அதன் முகப்பில் கேமரா; ஐந்து நாளும் இடைவிடாமல் டிவியில் நேரலை. வேறொன்றும் நடக்காது. நாடே அதைத்தான் உட்கார்ந்து பார்க்கும். துறைக்குத் துறை ஜனங்கள் கொடியோடும் அட்டையோடும் நின்று கையாட்டுவார்கள்.

“கடுதாசியிலேயே எழுதிப் போட்டிருக்கலாமே?” என்றார் ஹால்வர்.

“எழுதினா நான் ஒருத்திதானே படிப்பேன்? அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே நாலு பேர் பாக்கணும்டா.” யூர்டிஸ் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ஆறு வருஷமாச்சு அவ மூஞ்சியைப் பாத்து. உசுரோட இருக்கறப்ப இன்னொரு தடவை பாக்கறதுக்கு இதை விட்டா வழியில்ல. என் ரூம்ல இருக்கற சின்ன டிவிப் பொட்டியில மனுசன் யாரு, உருளைக்கிழங்கு யாருன்னே தெரியல. பெரிசா, தெளிவா ஒண்ணு வாங்கு. எழுத்து தெரியணும்.”

இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது. ஹால்வர் சிரித்தபடி, “முப்பது டிவி வாங்கலாம்” என்றார்.

ஊர்க் கடைவீதியில் மின்சாதனக் கடை வைத்திருந்த ஸிஸ்ஸெல் அவரோடு பள்ளியில் படித்தவள். ஹால்வர் யூர்டிஸின் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டிவி முன்னாலும் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டா அவங்க கண்ணு உனக்கு வந்துடுமா? கழட்டு, விழுந்து வைக்காதே” என்றாள் ஸிஸ்ஸெல்.

நாற்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு ஹெச்டி டிவி தள்ளுபடியில் இருந்தது. திரையில் ஒரு கிளி சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு குரோனர். பராமரிப்பாளர் தன் பொறுப்பிலேயே ஐயாயிரம் வரை வாங்கலாம் என்பது நகராட்சி விதி. ஹால்வருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவர் நேர்மையான மனிதர். டிவியைச் சுவரில் மாட்ட ஸ்டாண்டு வேண்டுமே என்று யோசித்து, அதற்கும் சேர்த்து விலை எழுதி வாங்கினார். ஸ்டாண்டு முந்நூற்று நாற்பத்தொன்பது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நகராட்சியின் கொள்முதல் ஆலோசகர் ஸ்டைனார் சீட்டைப் பார்த்தார். மெலிந்த ஆள், எந்தக் காகிதத்தையும் குளிரில் கிடந்த குழந்தையைப் போல இரு கையிலும் ஏந்துவார்.

“ஐயாயிரத்து நூத்து முப்பத்தொன்பது. இது இப்ப வாங்கற சமாச்சாரம் இல்ல ஹால்வர். இது கொள்முதல்.”

“அந்த நூத்து முப்பத்தொன்பதை நான் என் கையிலேர்ந்து போட்டுடறேன்.”

“அப்ப அது கூட்டு முதலீடு. ஒப்பந்தம் வேணும்.”

“சரி, ஸ்டாண்டே வேணாம். மேசை மேல வெச்சுக்கறேன்.”

ஸ்டைனாரின் முகம் வாடியது. “ஒரு தேவையைத் தெரிஞ்சே ரெண்டாப் பிரிச்சு வரம்புக்குக் கீழ கொண்டுவர்றது மோசடி. நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். இந்தாங்க, படிவம்.”

படிவம் ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில் ‘தேவை என்ன?’ என்று கேட்டிருந்தது. ‘யூர்டிஸ் தன் தங்கையின் அட்டையைப் படிக்க வேண்டும்’ என்று ஹால்வர் எழுதினார். ‘தேவை எப்போது முடிவடையும்?’ என்று அடுத்த கட்டம். அவர் பேனாவைக் கடித்து யோசித்தார். பொய் எழுத மனம் வரவில்லை. ‘வெள்ளிக்கிழமை, 2.20’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையாக இருப்பதற்கு இந்த உலகத்தில் இவ்வளவு மோசமான இடம் வேறு கிடையாது.

முதல் கூட்டம் பத்து நாள் கழித்து நடந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. பெயர் ‘காட்சி அனைவருக்கும்’. தலைமை, நலத்துறைப் பிரிவின் தலைவி விபெக்கே. மேசையில் சூடான வாஃபிள், பழுப்புச் சீஸ், ஸ்ட்ராபெரி ஜாம். முதல் முக்கால் மணி நேரம், இன்று நான் எப்படி உணர்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஹால்வரின் முறை வந்தது.

“அவசரமா உணர்றேன்” என்றார்.

“அருமை. அந்த உணர்வுக்கு இங்க இடம் இருக்கு” என்றாள் விபெக்கே. ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் ‘அவசரம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். கூட்டம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பிறகு கீழே விழுந்தது.

“நண்பர்களே, டிவி வாங்கறது சுலபம். யார் வேணா கடைக்குப் போயி வாங்கிடலாம். அதனாலதான் அதை நாம செய்யக் கூடாது. முதல்ல நாம கேக்க வேண்டியது, பாக்கறதுன்னா என்ன? முதியவங்க நிஜமாவே பாக்க விரும்பறாங்களா, இல்ல, டிவி இருக்கறதால பாக்கறாங்களா? இப்ப டிவி இல்ல. இது நமக்குக் கிடைச்ச பெரிய வாய்ப்பு. பாதி வழியில டிவியை வாங்கி அதைக் கெடுத்துடக் கூடாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று கடைகளில் விலைப்பட்டியல் கேட்பது என்றும், பதினொரு முதியவர்களிடமும் கருத்துக் கணிப்பு எடுப்பது என்றும் முடிவாயிற்று. ஊரில் இருந்ததே ஒரு கடை. மற்ற இரண்டுக்கும் தபால் போயிற்று. பதில் வருவதற்குள் ஸிஸ்ஸெலின் தள்ளுபடி முடிந்துவிடும் என்றார் ஹால்வர். தள்ளுபடி என்பது கடைக்காரரின் தேவை, நம்முடையது அல்ல என்றார் ஸ்டைனார்.

கருத்துக் கணிப்புக்கு வந்தவர் யூர்டிஸின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். “படத்தின் தெளிவு உங்க வாழ்க்கைத் தரத்துல எந்த அளவு முக்கியம்? ஒண்ணுலேர்ந்து ஆறு வரை சொல்லுங்க.”

“ரெண்டு இருபது” என்றாள் யூர்டிஸ், பக்கத்து ஊருக்குக் கேட்கும் குரலில்.

வந்தவர் ‘2.2’ என்று குறித்துக்கொண்டார். தெளிவான படத்தின் மீது முதியோருக்கு ஆர்வம் குறைவு என்று அறிக்கையில் ஏறியது.

பதினைந்து நாள் மிச்சம் இருந்தபோது ஹால்வருக்குப் பொறுமை போயிற்று. தன் வீட்டு டிவியைக் கழற்றிக் காரில் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். யூர்டிஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டாள்.

“சொல்றதுக்கு அவ வீட்டுல இருந்தாத்தானே? அவ அம்மா வீட்டுக்கு டிவி பாக்கப் போயிட்டா.”

ஒரு மணி நேரத்தில் விபெக்கேயே நேரில் வந்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அந்த நகராட்சியில் எதுவும் நடந்து ஹால்வர் பார்த்ததில்லை.

“ஹால்வர், உங்க மனசு எனக்குப் புரியுது. நெஞ்சைத் தொடுது. ஆனா நகராட்சியோட இன்னொரு முதியோர் இல்லம், மலையடியில இருக்கறவங்களுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் இல்லையே? இங்க அன்பு கிடைச்சு அங்க கிடைக்கலைன்னா, அது பாரபட்சம். நகராட்சியில அன்பு இருந்தா எல்லாருக்கும் சமமா இருக்கணும். முடியலைன்னா, யாருக்கும் இல்லாம சமமா இருக்கணும்.”

டிவியின் மேல் சிவப்பு ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டது: ‘சோதிக்கப்படாத தனியார் மின்சாதனம். தொடாதீர்கள்.’ ஹால்வர் அதைத் தொட்டுத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

யூர்டிஸைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடலாமென்றால், அவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வேறு எங்காவது கூட்டிப் போகலாமென்றால், சக்கர நாற்காலி ஏறும் நகராட்சி வண்டி மருத்துவத் தேவைக்கு மட்டும். தங்கையின் முகத்தைப் பார்ப்பது மருத்துவத் தேவையா என்று இல்லத்து மருத்துவரைக் கேட்டார். மருத்துவர் நல்லவர். ஆமாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் வண்டி ஆகஸ்ட் வரை நிரம்பியிருந்தது.

ஏழு நாள் மிச்சம் இருந்தபோது ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஹால்வர் ஓடிப்போய்ப் பிரித்தார். உள்ளே சுவர் ஸ்டாண்டு மட்டும் இருந்தது.

“ஸ்டாண்டு சுவர்ப் பராமரிப்புக் கணக்குல வருது. அதுல பணம் இருந்தது, வாங்கிட்டோம்” என்றார் ஸ்டைனார் தொலைபேசியில், பெருமையாக.

“பிரிச்சு வாங்கறது மோசடின்னீங்களே!”

“நீங்க பிரிச்சா மோசடி. நாங்க பிரிச்சா கட்டம் கட்டமா நிறைவேத்தறது. இன்னிக்கே மாட்டிடுங்க, ஆய்வுக்கு வருவோம்.”

ஹால்வர் மாட்டினார். நான்கு போல்ட்டு, நல்ல எஃகு. அன்று மாலை ஏழு மணிக்குப் பழக்கதோஷத்தில் பதினொரு பேரும் கூடத்துக்கு வந்து ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்ததும் ஹால்வருக்கு அழுகை வந்துவிட்டது. துணி காயவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஐம்பத்தேழு வயது ஆண்பிள்ளை, ஒரு டிவிக்காக.

இரண்டாம் கூட்டம் புதன்கிழமை. இம்முறை அபாய ஆய்வு. அதிகத் தெளிவால் வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியல் போட்டார்கள். செய்தியில் ரத்தம் ரத்தமாகவே தெரியும். அரசியல்வாதிகளின் முகத்துச் சுருக்கம் தெரிந்தால் முதியோருக்குத் தங்கள் வயது நினைவுக்கு வரும். தங்கையைத் தெளிவாகப் பார்த்தபின் அவள் மறைந்துவிட்டால் வரும் ஏமாற்றத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார்.

“நாளை மறுநாள் கப்பல் வருதும்மா!” ஹால்வர் எழுந்து நின்றுவிட்டார். “உங்க கால்ல வேணா விழறேன். எண்பத்தாறு வயசு. ரெண்டு பேருக்கும் இதுக்கு மேல நாள் கிடையாது. ஒரு டிவி, ஒரே ஒரு டிவி!”

விபெக்கேயின் கண்கள்கூடக் கலங்கின. “ஹால்வர் இப்ப நமக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கார்” என்றாள் மெதுவாக. “தன்னோட உணர்வை. அதை மதிக்கணும்னா நாம அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. நான் முன்மொழியறேன், வெள்ளிக்கிழமை கடைக்கே நேரடியாப் போயி எல்லா டிவியையும் நம்ம கண்ணால பாத்துடுவோம்.” ஹால்வர் அதைக் கேட்கவில்லை. “கால்ல விழறேன்” என்ற இடத்திலேயே அவர் மனம் நின்றுபோயிருந்தது. வாஃபிள் ஒன்றை யாரோ அவர் தட்டில் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ஒன்றரை மணிக்கு ஹால்வர் தன் மழைக்கோட்டை யூர்டிஸுக்குப் போட்டுவிட்டார். மடியில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றினார்.

“எங்கடா கூட்டிட்டுப் போறே?”

“டிவி நம்மகிட்ட வரலை. நாம டிவிகிட்ட போறோம்.”

“அதை முப்பத்திரண்டு நாளைக்கு முன்னாடியே செய்யறதுக்கென்ன, மடப்பயலே?”

முப்பத்திரண்டு நாள் முன்னால் கப்பல் கிளம்பியிருக்கவில்லை. ஆனால் அதைக் கத்திச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் மேடு. முன்சக்கரம் ஒன்று கீச்சிட்டது; அதற்கு எண்ணெய் விட வேண்டியவரும் அவரேதான். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்டக் கடைக்குள் நாற்காலியைத் தள்ளியபோது மணி இரண்டு பதினொன்று.

உள்ளே டிவிச் சுவரின் முன்னால் ‘காட்சி அனைவருக்கும்’ குழு ஐந்து பேரும் கையில் குறிப்புப் பலகையோடு நின்றிருந்தார்கள். சுவரில் இருபத்தெட்டு டிவி. இருபத்தெட்டிலும் கிளி சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

“ஸிஸ்ஸெல், கப்பலைப் போடு!” என்று கத்தினார் ஹால்வர்.

“ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு” என்றார் ஸ்டைனார். “எல்லா டிவியிலயும் ஒரே படம் ஓடினாத்தான் நியாயமான ஒப்பீடு. கிளியை எடுத்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“எல்லாத்துலயும் கப்பலைப் போட்டா அதுவும் ஒரே படந்தானே, ஐயா?” என்றாள் ஸிஸ்ஸெல். பதிலுக்குக் காத்திருக்காமல் கையிலிருந்த ரிமோட்டின் பொத்தானை அமுக்கினாள்.

இருபத்தெட்டு கடல் விரிந்தது. இருபத்தெட்டு மழை. கிரோ தீவின் துறை மெல்ல நெருங்கியது. கப்பல்களுக்கே உரிய நிதானம் அது. குழு முன்னால் நகர்ந்து பச்சை நிறம் எப்படி, ஓரம் மங்குகிறதா என்று குறிப்பெடுத்தது. விபெக்கே ஆகப் பெரிய டிவியின் நேர் எதிரே போய் நின்றாள்.

“ஏம்மா, நீ என்ன கண்ணாடியா, உன் வழியா நான் பாக்கறதுக்கு? தள்ளு!” என்று யூர்டிஸ் போட்ட சத்தத்தில் கடை அதிர்ந்தது. விபெக்கே தள்ளி நின்றாள். நகராட்சி வரலாற்றில் விவாதம் இல்லாமல் நடந்த ஒரே இடமாற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

ஹால்வர் நாற்காலியைத் திரைக்கு ஒரு முழம் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். துறையில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு கிழவி. கையில் அவள் உயரத்துக்கு ஒரு அட்டை. தார் பூசும் தூரிகையால் எழுதியிருந்தாள். யூர்டிஸ் மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“ஆமா... நான்தான்... எடுத்தேன்.”

பொர்ஹில்ட் அட்டையைத் திருப்பினாள்.

“அம்மா... உன்னையே... கொஞ்சினா.”

யூர்டிஸ் கையைத் தூக்கி ஆட்டினாள். அந்தப் பக்கத்தில் அவளும் ஆட்டினாள், யாருக்கென்று தெரியாமல், கப்பலுக்கு. “திருட்டுக் கழுதை” என்றாள் யூர்டிஸ். “எப்படி எளச்சுப் போயிட்டா பாரு. சுருக்கமெல்லாம் தெரியுதுடா. எல்லாம் தெரியுது.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான்கு நிமிடம். பிறகு கப்பல் திரும்பியது, பாறை வந்து மறைத்தது. ஸ்டைனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பலகையில் ஏதோ எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரரே குறிப்பிட்டபடி தேவை வெள்ளிக்கிழமை 2.20-க்கு முடிவடைந்தது. தேவை நிறைவேறியதைக் குழு நேரில் கண்டு உறுதிசெய்தது. எனவே டிவி வாங்க வேண்டிய அவசியம் நீங்கியது. கோப்பு மூடப்படுகிறது. முதியோரைத் தேவைக்கு அருகே கொண்டுசெல்லும் இந்தப் புதிய முறை மலையடி இல்லத்திலும் பரிசீலிக்கப்படும்.’

கூடத்தில் பதினொரு பேரும் ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஹால்வர் புதுப் படிவத்தை எடுத்து யூர்டிஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறாம் பக்கம் வந்தது. ‘தேவை எப்போது முடிவடையும்?’

“என்ன எழுதட்டும்?” என்று காதில் கத்தினார்.

“நாங்க எல்லாரும் செத்தப்புறம்னு எழுது.”

எழுதினார். இதற்குப் பதில் நான்கே நாளில் வந்தது. ‘முடிவுத் தேதி தெளிவாகக் குறிப்பிடப்பட்டதற்கு நன்றி. இத்தேவை காலப்போக்கில் தானாகவே தீர்ந்துவிடும் தன்மையுடையது என்பதால், முன்னுரிமை தர இயலவில்லை.’

மறுநாள் ஸ்டைனார் ஸ்டாண்டின் ஆய்வுக்கு வந்தார். முதியவர்களுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார். ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், அது அசையவில்லை. பச்சை ஒட்டுச்சீட்டை ஒட்டிவிட்டுத் திருப்தியோடு கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“கவலையே படாதீங்க” என்றார். “இது இருபது வருஷத்துக்குத் தாங்கும். உங்க எல்லாரையும் விடக் கெட்டி.”